வலது தோளில் முந்தானை

கல்யாணத்தில் படம் எடுக்கிறவர், மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர், மருதாணி வைக்கிறவர் என்று நம் எல்லோருக்குமே இன்றைக்குக் கடை என்பது ஒரு வெப்சைட்தான். அந்தக் கடைக்குப் பூட்டு கிடையாது. என்னோடு சேர்ந்து அவதிப்படும் அன்பர்களே, நான் பட்டதைக் கேளுங்கள். சொல்வதில் முக்கால்வாசி உண்மை.

அழகான நான்

சிங்கப்பூரில் நான் படம் எடுக்காத தமிழ்க் கல்யாணம் நடந்திருந்தால் அது ரகசியக் கல்யாணமாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட என் வெப்சைட்டை எவனோ அப்படியே நகல் எடுத்துவிட்டான். பெயர் என்னுடையது, படங்கள் என்னுடையவை, போன் நம்பர் மட்டும் அவனுடையது. என் முகம் இருந்த இடத்தில் முப்பது வயதுப் பையன் ஒருவன் சிரித்தான். கீழே, 'நாற்பது ஆண்டு அனுபவம்'. பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே கேமராவைத் தூக்கியிருக்கிறான்!

வெப்சைட்டுக்கு இடம் தரும் கம்பெனிக்கு, அந்த ஒரு வரியைக் காட்டிப் புகார் எழுதினேன். ஒரே வாரத்தில் பையன் காணாமல் போனான். அன்றிலிருந்து தேக்கா வட்டாரத்தில் எவருடைய வெப்சைட் பக்கம் களவு போனாலும் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். வெற்றிச் செய்தியை வீட்டில் சொன்னேன். மனைவி ஆங் மோ கியோ மார்க்கெட்டில் வாங்கிய கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அவன் படத்த மட்டும் விட்டு வச்சிருக்கலாம். நாலு ஆர்டராவது கூட வந்திருக்கும்."

யார் போலி?

செங்காங்கில் இருக்கும் செல்வி மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். எட்டு வருஷ உழைப்பு முழுக்க ஒரே பக்கத்தில் இருந்தது. அதை ஒருவன் நகல் எடுத்தான். அதோடு விட்டானா? 'செல்விதான் போலி, நான்தான் அசல்' என்று கம்பெனிக்கு முதல் புகாரையும் அவனே போட்டுவிட்டான்! 'மூன்று நாளில் நிரூபிக்கவும், இல்லையென்றால் உங்கள் பக்கம் மூடப்படும்' என்று செல்விக்குக் கடிதம் வந்தது. அசல் படங்கள் பழைய போனோடு செத்துப்போயிருந்தன. இதற்கிடையில், வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் அலங்கரிக்கவிருந்த மணப்பெண்ணின் அம்மா புக்கிட் பாத்தோக்கிலிருந்து கூப்பிட்டு, "ரெண்டு செல்வி இருக்கீங்களே, நீ எந்தச் செல்வி?" என்று கேட்டிருக்கிறார்.

கோப்பிக் கடையில் என் எதிரே உட்கார்ந்து அழுதாள். "அங்கிள், என் அடையாள அட்டை, அந்த ஐசியக் காட்டினேன், அவனும் ஏதோ ஐசி காட்டிட்டான் லா. நான்தான் நான்னு இனிமே எப்படித்தான் காட்றது?"

சேலைக்கடையில் ஒரு மாடல்

போலிப் பக்கத்தை அவள் போனிலேயே பார்த்தேன். பார்த்ததும் கண்ணை உறுத்தியது. மணப்பெண்கள் அத்தனை பேருக்கும் முந்தானை வலது தோளில்! பின்னால் நின்ற மாமாக்களின் சட்டைப்பை எல்லாம் வலது பக்கம். இதே படம் வேறு எங்காவது இருக்கிறதா என்று இணையத்தில் தேடுகிறவர்களிடம் சிக்காமல் இருக்க, திருடன் எல்லாப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். முந்தானை எந்தத் தோளில் விழும் என்று தெரியாத ஒருவன், எட்டு வருஷமாக மணப்பெண்களுக்குச் சேலை கட்டினானாம்!

இதை எழுதி அனுப்பினோம். 'சேலை பற்றி எங்களுக்குத் தெரியாது, விளக்கவும்' என்று பதில் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே நாள். விளக்கத்தானே வேண்டும்? சிராங்கூன் சாலையில் நண்பரின் சேலைக்கடை வாசலில் நான் நின்றேன். செல்வி எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். இடது தோளில் முந்தானையோடு ஒரு படம். அதையே திருப்பிப் போட்டு இன்னொரு படம். அன்று சாலையில் பேருந்துகளே நின்றுவிட்டன. சரி, ஒன்றுதான் நின்றது, அதுவும் ஸ்டாப்பில். கடைக்கார நண்பர் மட்டும் கொசுவத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்: "அண்ணே, மூச்ச இழுத்துப் பிடிங்க. அஞ்சரை மீட்டர் பத்தல!"

பதில்

இரண்டு படங்களையும், செல்வி பக்கத்துப் படங்களையும், திருடன் பக்கத்துப் படங்களையும் வரிசையாக ஒட்டி அனுப்பினோம். மூன்றாம் நாள் மதியம் திருடனின் பக்கம் மறைந்தது. செல்வியின் பக்கம் அசையாமல் நின்றது. புக்கிட் பாத்தோக் அம்மாவும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே வரச் சொல்லிவிட்டார். செல்வி சேலைக்கடைக்கு நடுவில் குதித்த குதியில் ஒரு பொம்மை சாய்ந்தது.

கம்பெனிக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கடைசி வரியை மட்டும் தமிழில் தருகிறேன்: "விளக்கப் படங்களுக்காகச் சேலை அணிந்து நின்ற அந்த மீசை வைத்த அம்மையாருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்கவும்."

திருடுகிறவனுக்கு ஒரு விரல் போதும். அசல் என்று காட்ட ஒரு கிழவன் முழுச் சேலை கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான், அன்பர்களே, நம் தொழிலின் இன்றைய நிலவரம்.