லேசர் மேசையில் என் இடம்

சலோல் ஒரு வெள்ளைத் தூள். மதுரை வெயிலுக்கே உருகப் பார்க்கும். உருக்கி, தூசி இல்லாமல் வடிகட்டி, மெல்லக் குளிரவைத்தால் உறையவேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போன பிறகும் திரவமாகவே நிற்கும். அந்த நிலையில் அதன் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்பதுதான் என் ஆய்வு. நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறுகிய லேசர் துடிப்பு அவற்றை ஒரு பக்கமாகத் திருப்பும். பின்னால் வரும் இன்னொரு துடிப்பு, அவை எவ்வளவு கலைந்துவிட்டன என்று காட்டும்.

என்னோடு வேலை செய்தவர் எனக்கு மூத்த ஆய்வு மாணவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பழங்காநத்தத்திலிருந்து பைக்கில் வருவார். நான் ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில்.

பல மாதங்களாகச் சலோல் குளிரக் குளிர உறைந்தே போனது. கண்ணாடிக் குப்பியின் மூலையில் இருந்த கீறலில்தான் உறைதல் தொடங்குகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். குப்பியை மாற்றினேன். திரை முழுக்கத் தெளிவான வளைகோடு.

"சாதிச்சுட்ட தங்கச்சி!" என்று அண்ணன் துள்ளினார்.

அந்த வாரம்தான் திருமங்கலத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அவரிடம் மட்டும் சொன்னேன். "வேணாம்னுட்டேண்ணே. இத முடிக்காம நான் எங்கயும் போகமாட்டேன்."

"அதான் சரி" என்றார்.

கொஞ்ச நாளில் எங்கள் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"கல்யாணம் முடிவாயிருச்சாமே? எங்கிட்டச் சொல்லவே இல்ல. பரவாயில்ல, சலோல் வேலைய உங்க சீனியரே எழுதட்டும்னு விட்டுட்டேன். கட்டுரை போயிருச்சு."

"யாரு மேடம் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்."

நான் மறுத்துவிட்ட கதையைச் சொன்னேன். அவர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்பியாச்சும்மா" என்றார், மறுபடியும்.

வாசல் டீக்கடையில் அண்ணன் நின்றிருந்தார். "ஏண்ணே?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒனக்குக் கல்யாணம் ஆகத்தானே போகுது? இது இல்லேன்னா எனக்கு எங்கயும் வேலை இல்ல தங்கச்சி."

சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு டீ வாங்கி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவர் செய்ததைவிட, நான் அதைக் குடித்ததை நினைத்தால்தான் இன்றும் உடம்பு எரிகிறது.

கட்டுரை அவர் பெயரில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் நான் இருந்தேன். அவர் வெளிநாடு போனார். நான் சலோலுக்குப் பதில் கிளிசரினை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். பட்டம் வாங்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. "உங்கூட வேலை பார்த்த அந்தத் தம்பி எப்படி இருக்கு?" என்று அம்மா அவ்வப்போது கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்காராம்" என்பேன்.