அதற்கு மேல் கோர்ட் இல்லை

என் அண்ணனைக் குத்தியவன் எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தவன். தாராவியில் அன்று சாயங்காலம் குழாயடியில், தண்ணீர் பிடிப்பது யார் முறை என்று வாய்ச்சண்டை. அவன் வீட்டுக்குள் போய், தோல் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தான். வயிற்றில் இரண்டு குத்து, கழுத்தில் ஒன்று. குடத்தோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அண்ணன் என் புடவையைப் பற்றியபடியே சரிந்தான். டாக்ஸியில், என் மடியிலேயே உயிர் போயிற்று.

கோர்ட்டில் நான் ஒருத்திதான் சாட்சி. மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து டெல்லியில் இருக்கும் கடைசிக் கோர்ட் அவனை விட்டுவிட்டது. செத்தவனின் தங்கை சொல்வதை மட்டும் நம்ப முடியாதாம். அந்த நேரத்தில் குழாயடியில் வெளிச்சம் போதாதாம். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், நான் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

மாட்டுங்காவில் எங்கள் வக்கீலிடம் ஓடினேன். எழுபது வயதைத் தாண்டியவர்.

"அதுக்கு மேல கோர்ட் கிடையாதும்மா. மறுசீராய்வுன்னு ஒரு மனு போடலாம். ஆனா பெரும்பாலும் அதே ஜட்ஜுகள்தான் ரூமுக்குள்ளயே படிச்சுட்டு முடிச்சுடுவா."

"தப்பா சொன்னவங்ககிட்டயே போய்த் தப்புன்னு சொல்லணுமா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எமர்ஜென்சில, இதே டெல்லி கோர்ட்லதான், காரணமே இல்லாம ஒருத்தரப் பிடிச்சுண்டு போனாக்கூட கோர்ட்ல கேக்க முடியாதுன்னு சொன்னா. ஒரே ஒரு ஜட்ஜ்தான் அதுக்கு ஒத்துக்கலை. தப்புதான்னு ஒத்துக்க நாப்பது வருஷம் ஆச்சு. அப்போ நான் புது வக்கீல். கடைசிக் கோர்ட்டே தப்பு பண்ணினா எங்க போறதுங்கற பயம் அன்னிலேர்ந்து எனக்குப் போகலை."

மனுப் போட்டோம். ஒரே வரியில் தள்ளுபடியானது.

அதற்குள் அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்துக்கு வந்து சேர்ந்திருந்தான். உறவுக்காரர்கள் மாலை போட்டுப் பட்டாசு வெடித்தார்கள். பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த என் தம்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கத்தியோடு ஓடி வந்தான்.

"யக்கா! இவன இன்னைக்கு இங்கனயே அறுத்துப் போடுதேன்!"

எனக்கும் அதுதான் ஆசை. பொய் சொல்ல மாட்டேன். தம்பி கை ஓங்கியபோது அவன் மாலையோடு சுவரில் ஒட்டி நின்றான். ஒரு கணம் நான் நகரவே இல்லை. பிறகு எப்படியோ பாய்ந்து கத்தியின் அலகைப் பிடித்துவிட்டேன். தம்பி இழுத்தான். உள்ளங்கை எலும்பு வரை கிழிந்தது. ரத்தம் மூன்று பேர் மேலும் தெறித்தது.

"ஏல, ஒருத்தன மண்ணுக்குக் குடுத்தாச்சு. உன்னையும் ஜெயிலுக்குக் குடுக்கவா?" என்று கத்தினேன். தம்பி அப்படியே உட்கார்ந்து, தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

மாலையோடு நின்றவன் தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு மாதத்தில் ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. தம்பி செம்பூரில் கல்யாணம் முடித்து இருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் என்ன, வெளியில் இருக்கிறான்.