பின்கதவில் கூப்பிட்டவள்

கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இது வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு நடந்தது. அவளே தன் வாயால் சொன்னாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, மனித உடம்பு ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி வளர்த்த ஒரு பன்றியின் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள். பிழைத்துக்கொண்டார். முகத்தில் களை திரும்பியது. "இனிமே என்னைப் பன்னின்னு திட்டாத, பாதி நிஜமாயிடுச்சு" என்று கிண்டல்கூட அடித்தார்.

வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மதியம் அயர்ந்து தூங்குகிறவர் திடீரென எழுந்து பின்கதவைத் திறப்பார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துப் பக்கம் பார்த்தபடி நிற்பார்... ஆசையாக. கல்யாணமான புதிதில் தன்னைப் பார்த்த அதே பார்வை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"யாருங்க அவ?"

"எவ?"

"தெனம் கதவு வரைக்கும் வர்றாளே, அவ."

"கூப்பிட்டாங்க... போனேன்."

சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, மறுநாள் மதியம் மிஷினை நிறுத்திவிட்டுச் சமையலறையில் பதுங்கினாள்.

த்ச்... த்ச்... த்ச்...

யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தது. பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சலாக.

"வாடா தங்கம்... பால் கொண்டாந்திருக்கேன்..."

புருஷன் நடந்து வந்தார். கண்கள் மூடியிருந்தன.

அவள் முந்திப் பாய்ந்து கதவைத் திறந்தாள்.

சந்தில் வெயில் மட்டும்தான்.

படியில் ஈரமான பூட்ஸ் தடங்கள். எல்லாம் உள்ளே வந்தவை. திரும்பிப் போனது ஒன்றுமில்லை.

த்ச்...

அவள் முதுகுக்குப் பின்னால். வீட்டுக்குள்ளே.

திரும்பினாள்.

புருஷன் தலையைச் சாய்த்து நின்றார்.

அவர் தலைமுடி அசைந்தது... யாரோ தடவிக்கொடுப்பதுபோல.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நர்ஸைத் தனியாகப் பிடித்தாள்.

"சிஸ்டர், அந்தப் பன்னிய யாரு வளர்த்தாங்க?"

"பண்ணையில வேலை செஞ்ச ஒரு அம்மா. எப்பவும் கால்ல பூட்ஸும் கையில பால்வாளியுமாத்தான் இருப்பாங்க. பொறந்ததுலேருந்து புட்டிப்பால் குடுத்து, பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டாங்க. அதை இங்க கொண்டுவந்த அன்னைக்கே அவங்க தவறிட்டாங்க, பாவம்."

அவள் வெளியே உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு குட்டி வளர்த்தாங்க" என்றாள் நர்ஸ். "இன்னொன்னோட கிட்னிய வேற ஒருத்தருக்கு வச்சோம்."

"அவரு நல்லாயிருக்காரா?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம், மத்தியானம் தூங்கிட்டிருந்தவரு எழுந்து கதவத் திறந்துட்டுப் போனாராம். இன்னும் தேடிட்டிருக்காங்கம்மா."