சுருங்க மறுத்த கண்மணி

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய வாரத்தில்தான் அந்த ஆண்டு கண்ணைப் பற்றிய பாடம் வந்தது. எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உயிரியல் ஆசிரியை. கல்லூரி என்றாலும் உயர்நிலைப் பள்ளிதான். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என் மகளும் அதே வகுப்பில், ஜன்னலோர வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் நான் அவளுக்கு ‘மிஸ்’. அந்த விதியைப் போட்டது அவள்தான்.

மற்ற ஆண்டுகளில் கண் பாடத்துக்குச் சந்தையின் இறைச்சிப் பகுதியிலிருந்து மாட்டுக் கண்கள் எனாமல் டப்பாவில் வந்து சேரும். மாணவிகள் முதலில் முகம் சுளிப்பார்கள். வெட்டி உள்ளிருக்கும் லென்ஸை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்து, எழுத்து பெரிதாகத் தெரிவதைக் காட்டியதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் விரதம் தொடங்கிவிட்டது. வீட்டில் மீன் சட்டியைக்கூடத் தனியே எடுத்துக் கட்டி வைத்தாயிற்று. பகலில் மாட்டுக் கண்ணை அறுத்த கையால் மாலையில் கோயிலில் விளக்கேற்ற எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் விரதமிருந்த பெண்கள் நாலைந்து பேர் வேறு. அறுப்பதைக் காவடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவரை உயிருள்ள கண்களைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னேன். ஜன்னல் கதவுகளைப் பாதி சாத்தினோம். கரும்பலகையில் படம் வரைந்திருந்தேன். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் நரம்பு வெள்ளைச் சுண்ணக்கட்டியில். மூளையிலிருந்து திரும்பி வந்து கண்மணியைச் சுருக்கும் நரம்பு சிவப்பில். ஒளி படுகிறது, செய்தி போகிறது, கட்டளை வருகிறது, கருவிழியின் நடுவிலிருக்கும் அந்தக் கரிய வட்டம் சுருங்குகிறது. நாம் நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. நமக்குத் தெரியாமலே உடம்பு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

டார்ச் விளக்குகள் கைமாறின. “ஐயோ, சுருங்குது, சுருங்குது!” என்று மூலைக்கு மூலை சத்தம். அப்போது என் மகளோடு ஜோடி சேர்ந்திருந்த வாயாடிப் பெண் கையைத் தூக்கினாள்.

“மிஸ், இவளோட ஒரு கண்ணு ஸ்ட்ரைக் பண்ணுது!”

“துறைமுகத்து ஆளுங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சு போல,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தபடிதான் அருகே போனேன்.

டார்ச்சை வாங்கி மகளின் வலக் கண்ணில் அடித்தேன். சட்டென்று சுருங்கியது. இடக் கண்ணில் அடித்தேன். அது அசையவே இல்லை. பழுப்பு வளையம் மெல்லிய கோடாக ஒதுங்கியிருக்க, நடுவில் பெரிதாக, கறுப்பாக, கிணறுபோல் திறந்து கிடந்தது. ஆனால் ஒளி இடக் கண்ணில் பட்டபோது வலக் கண்மணி சுருங்கியது. அப்படியானால் செய்தி மூளைக்குப் போய்விட்டது. போகும் வழி சரியாக இருக்கிறது. கோளாறு திரும்பும் வழியில்.

நிமிர்ந்து பார்த்தேன். கரும்பலகையில் என் சிவப்புக் கோடு. மண்டைக்குள் கட்டி ஏதாவது வளர்ந்து அந்த நரம்பை அழுத்தினால் கண்மணி இப்படித்தான் விரிந்து நிற்கும் என்று சென்னையில் படித்த காலத்தில் ஒரு பேராசிரியர் சொல்லிக் கேட்டிருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கினேன். காலையில் பேருந்தில் மகள் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்கு” என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. விரதக் களைப்பு என்று நினைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்திருந்தேன்.

“தலை வலிக்குதா?” என்று கேட்டேன்.

வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, அவள் என் முகத்தைப் பார்த்து, “என்னம்மா?” என்றாள். மிஸ் இல்லை, அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

பாடத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் நடந்தேன். பிப்ரவரி எங்களுக்குக் கோடை, சுள்ளென்ற வெயில். அவள் இடக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வந்தாள், வெளிச்சம் குத்துகிறதாம். அவள் கையைப் பிடித்திருந்தேன், சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது.

காத்திருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, காவடிக்கு நான் பால் சொம்பு எடுக்கலாம் இல்ல?” அந்த ஆண்டுதான் அவள் முதன்முதலாக எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

“எடுக்கலாம்,” என்றேன்.

மருத்துவர் கலப்பு வம்சாவளியில் வந்த வயதான கிரியோல்காரர். என்னிடம் பிரெஞ்சும் அவளிடம் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பேசினார். வீட்டில் நாங்கள் பேசுவதும் கிரியோல்தான். இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். அவர் விரலை ஆட்டினார், அவள் கண்கள் இரண்டும் ஒன்றாகத் தொடர்ந்தன. இமையைத் தூக்கிப் பார்த்தார். சிறு விளக்குக் கருவியைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். அவர் மூச்சு விடுவதுவரை எனக்குக் கேட்டது.

“யாராவது சொட்டு மருந்து விட்டாங்களா?”

“இல்லை.”

“நேத்து என்னெல்லாம் தொட்ட, சொல்லு பார்ப்போம்.”

“பாத்திரம் கழுவினேன். கத்தரிக்காய் நறுக்கினேன். அப்புறம் கோயிலுக்குப் பூப் பறிச்சேன்.”

“என்ன பூ?”

“செவ்வந்தி, அரளி… சிவன் சன்னதிக்கு ஊமத்தம்பூ. எங்க வீட்டுக்குப் பின்னால, கரும்புத் தோட்ட ஓரத்துல நிறைய இருக்கு.” நாங்கள் நகரத்துக்கு வெளியே, தேர் ரூஜ் என்ற ஊரில் குடியிருந்தோம். “வேர்வை கண்ணுல இறங்கிச்சு. கையாலயே தேய்ச்சுட்டேன்.”

மருத்துவர் கருவியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “மதாம், கண்மணியை விரிக்க நான் சொட்டு மருந்து விடுவேன். உங்க பொண்ணு அதே மருந்தைச் செடியிலேர்ந்தே எடுத்துக்கிட்டா. நரம்பு நல்லாத்தான் இருக்கு. கதவைச் சாத்துற காவல்காரன்தான் தூங்கிட்டான். சில நாள்ல எழுந்துடுவான். எழலைன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க.” பிறகு, “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்றார்.

“உயிரியல் ஆசிரியை.”

“செடிகளும் உண்டா?”

உண்டு. போன ஆண்டுதான் இதே வகுப்புக்கு ஊமத்தம்பூவை வரைந்து காட்டியிருந்தேன். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் இதன் உறவு என்றும், இதன் நஞ்சு கண்மணியை விரிக்கும் என்றும் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். மற்றவர் பிள்ளையாக இருந்திருந்தால் ஒருவேளை நினைவு வந்திருக்கும். மருத்துவர் அறையிலேயே சிரித்தேன். வெளியே வந்து மாமரத்தடியில் நின்று அழுதேன். மகள் கைக்குட்டையை நீட்டி, “தெருவுல ஸ்டூடண்ட்ஸ் யாராவது பார்க்கப் போறாங்க,” என்றாள்.

மறுநாள் வகுப்பில் கதையை அவளே சொன்னாள். வாயாடிப் பெண் உடனே, “மிஸ், அந்தப் பூ எங்க கிடைக்கும்? கணக்குப் பரீட்சை வருது,” என்றாள். வாய்க்குள் போனால் ஆளையே கொல்லும் என்று நான் அதட்டிய அதட்டலில் அறை அமைதியானது.

ஆனால் ‘எழலைன்னா’ என்ற அந்த ஒரு சொல் எனக்குள் தங்கிவிட்டது. மருத்துவரின் கருத்தும் ஒரு கருத்துதானே. காலையில் அவள் கண் விழிக்கும் முன்பே டார்ச்சோடு போய் நிற்பேன். என் கணவர், “பிள்ளையைத் தூங்க விடு,” என்பார். பிறகு அவரும் எழுந்து வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார். “சுருங்கிச்சா?”

“என் கண்ணு உன் லேபரட்டரி இல்லம்மா,” என்று முனகியபடியே மகள் கண்ணை அகலத் திறந்து காட்டுவாள். கொஞ்சம் சிறிதானதுபோல் இருக்கும். அடுத்த நாள் இல்லைபோல் இருக்கும். பார்ப்பது கண்ணா என் ஆசையா என்று எனக்கே தெரியாது. பூசைக்குப் பூ நான்தான் பறித்தேன், ஊமத்தை இல்லாமல்.

காவடியன்று காலையில் ஆற்றங்கரைச் சடங்குக்கு இருட்டோடு கிளம்பிவிட்டோம். அவசரத்தில் டார்ச்சை எடுக்கவில்லை. பூசை முடிந்து ஊர்வலம் தார்ச்சாலைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மஞ்சள் சேலையில், தலைமேல் பால் சொம்பை இரு கையாலும் பிடித்தபடி மகள் நடந்தாள். நான் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது நான் எதைத் தேடுகிறேன் என்று. சூடு தாங்காமல் எல்லோரும் கால் மாற்றி நிற்கிற இடத்தில் ஊர்வலம் சற்றுத் தேங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள். பால் சிந்திவிடும், தலை குனிய முடியாது. அதனால் முழங்காலை மடக்கி என் உயரத்துக்கு இறங்கி, வெயிலைப் பார்த்தவாறு இரண்டு கண்களையும் விரியத் திறந்து காட்டினாள்.

இரண்டு கண்மணியும் கடுகளவு. இரண்டும் ஒரே அளவு.

“சீக்கிரம் பாருங்க மிஸ்,” என்றாள் உதட்டை அசைக்காமல். “பின்னாடி ஆளுங்க வர்றாங்க.”