பெரியப்பாவும் தாய்மாமனும் ஒரு கீச்சொலியும்

அரியலூரில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண்ணின் பெரியப்பாவும் தாய்மாமனும் வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் யார் பெயர் மேலே என்று சண்டை.

"சீர் தூக்கிட்டு வரப்போறவன் நான். எம் பேரு கீழயா?" தாய்மாமன், போன வாரம் நான் எடுத்துவைத்திருந்த நகலைக் கிழித்தே போட்டார்.

"பொண்ணத் தோள்ல போட்டு வளத்தவன் நானுய்யா. நீ விருந்துக்கு வந்துட்டுப் போறவன்!"

மதியம்வரை மன்றாடினேன். எழுத்தைச் சிறிதாக்கி, இருவரையும் ஒரே வரியில் உட்காரவைத்து, மற்ற உறவையும் மாற்றி மாற்றிக் கோத்தேன். தலையாட்டினார்கள். "சாயங்காலம் வரோம். ஒரு எழுத்து மாறக்கூடாது" என்று பெரியப்பா விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் படி இறங்கியதுதான் தாமதம், கம்ப்யூட்டர் 'கீ...' என்று கத்த ஆரம்பித்தது.

ஊசியைக் காதில் விட்டுத் திருகுகிற சத்தம். ஸ்பீக்கரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினேன். நிற்கவில்லை, வியர்த்ததுதான் மிச்சம். திருச்சியில் இருந்த சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"விட்டு விட்டு வருதா சார், இழுத்து வருதா?"

"இழுத்துத்தான்யா வருது!"

"எப்படின்னு கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

நாற்பதைத் தாண்டிய மனிதன் நான், போனுக்குள் 'கீ...' என்று கத்தினேன். எதிர் டீக்கடை மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது.

"ஹார்டு டிஸ்க்கா இருக்கும் சார். அதத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான் பாவி.

காலையில் திருத்திய எதையும் நான் இன்னும் சேவ் செய்யவில்லை. சேவ் செய்தால் டிஸ்க் சுற்றும். பிரிண்ட் கொடுத்தாலும் சுற்றும். சுற்றினால் செத்துவிடும் என்று, பெற்ற பிள்ளைக்கு ஜுரம் கண்டதுபோல் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமோ ஏறிக்கொண்டே போனது. ஆத்திரம் தாங்காமல், மானிட்டரையும் நிறுத்திப் பார்ப்போம் என்று பின்பக்க வயர்க் கூட்டத்தில் கையை விட்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தேன்.

சத்தம் நின்றது. "அப்பாடா!" என்றேன். பிறகுதான் பார்த்தேன்: கையில் இருந்தது மானிட்டர் வயர் அல்ல, கம்ப்யூட்டர் வயர்.

என் அலறலைக் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் எதையோ பிடித்து இழுத்தாள். வாழைநார்.

"நேத்து பூஜைக்கு இதுக்கு மாலை போட்டீங்கல்ல? நார் மிச்சத்த இந்த ஓட்டையில சொருவுனது யாருங்க? காஞ்சுபோயி உள்ள காத்தாடில உரசியிருக்கு."

"சாமி காரியம்டி!"

"சாமி நல்லாத்தான் இருக்கு. உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

மறுபடி போட்டதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக, சத்தமே இல்லாமல் எழுந்தது. பத்திரிகையில் போன வாரத்துப் பெயர் வரிசை அப்படியே இருந்தது. காலைச் சமாதானம் மட்டும் இல்லை. யாரை எங்கே வைத்தேன் என்று யோசித்தால், கிழிந்த காகிதம்தான் கண்முன் வந்தது.

சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். நாற்காலிகளை அறையின் இரண்டு கோடிகளில் இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க. யாரு பேரு மேல வரணும்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"என்னது?" என்று எழுந்தார்கள் இருவரும், ஒரே குரலில்.