உன் டிக்கெட் எந்தத் தேதிக்கு?

அந்த அறையில் எட்டு டச்சுக்காரர்களும் நானும் இருந்தோம். மசினகுடியிலிருந்து அண்ணன் பால்ராஜ் என் கைப்பேசித் திரையில் இருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி வரவில்லை. நெதர்லாந்தில் காபியோடு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள். நான்கு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அந்த மூடிய டப்பாவில்தான் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தேன்.

எட்டுப் பேரும் முதுமலைக் காடு பார்க்க, அண்ணன் கட்டிய அறைகளில் ஜனவரியில் தங்குவதாக முன்பணம் கட்டியவர்கள். நான் சேர்த்துவிட்ட ஆட்கள். அதற்குள் கூடலூருக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நிபா காய்ச்சல் என்று செய்தி. வௌவாலிடமிருந்து பரவுமாம். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடியிருந்தார்கள்.

முந்தின நாள் அண்ணன் ஃபோனில் சிரித்தார். "வௌவாலுக்கா ரூம் குடுத்திருக்கேன்? வெள்ளைக்காரங்களுக்குத்தானேடா? நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவாங்க." பிறகு குரல் இறங்கியது. "அவங்க வரலைன்னா ஜீப்பு போயிரும் தம்பி." முன்பணம் முழுக்க அந்த அறைகளின் கூரைக்குப் போயிருந்தது. அந்த ஜீப்பில் சஃபாரி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்.

வௌவால் கடித்த கொய்யாதான் இனிப்பு என்று பொறுக்கித் தின்றவன், இங்கே அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். நோய் வந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே எத்தனை மலை என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி. இரண்டு நாள் தூக்கமில்லை.

கூட்டத்தில் நன்றாகத்தான் பேசினேன். மசினகுடியில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பழங்களைத் தோல் சீவித்தான் தருவார்கள் என்றேன். தலையாட்டினார்கள். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை மார்கா கேட்டார்:

"நீயும் உன் மனைவியும் ஜனவரியில் ஊருக்குப் போவதாகச் சொன்னாயே. உன் டிக்கெட் எந்தத் தேதிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கேன்சல் செய்துவிட்டேன். பயமாக இருந்தது."

அண்ணனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதும். "கேன்சலா? லீவு கெடைக்கலைன்னு சொன்னயேடா?" முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஏன்டா, நம்ம ஊட்டுக்கு வர்றதே உனக்கு ஆகாமப் போச்சா?"

அறையில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று மார்கா என் தோளைத் தட்டினார். ஒரு காதில் அண்ணன், மறு காதில் அந்த நன்றி. எட்டுப் பேரும் பயணத்தைக் கைவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே கைவிட்டவன் நான்.

முன்பணத்தைத் திருப்பித் தர அண்ணன் ஜீப்பை விற்றார். மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.