விஜிலாவின் சம்மதம்

சாவு வீடுகளில் அடக்க வேலை செய்கிற கொம்பிரியார் சபையில் சேருகிறவன் வீட்டுக்குச் சபையார் வந்து மனைவியிடம் சம்மதம் கேட்பார்கள் என்று ரெக்சனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேர் கொடுத்திருக்க மாட்டான். பூசை முடிந்து வெளியே வரும்போது தலைவர் செல்வின் அவனை நிறுத்தி, "அடுத்த ஞாயித்துக்கிழம சாயங்காலம் வீட்டுக்கு வாரோம் தம்பி. தங்கச்சிகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்," என்றபோது, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

ரெக்சன் தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். போன வருசம் அவன் அப்பா இறந்தபோது, யாரும் போய்ச் சொல்லாமலே சபையார் வெள்ளை அங்கியும் சிவப்புத் தோள்துணியுமாக வந்து நின்றார்கள். உடம்பைக் குளிப்பாட்டினார்கள். சவம் சுமக்கிற தூம்பாவில் பெட்டியை வைத்துக் கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாமும் இந்த ஆட்களோடு நிற்கவேண்டும் என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றிவிட்டது.

அவன் மனைவி விஜிலாவுக்குச் சபை என்றால் வேறு நினைவு, மாமனார் சாவுக்கும் முந்தியது. மூத்தவள் ஜெஸ்மிக்குப் பிறகு வந்த பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு ரெக்சன் சபைக்குப் போன் போட்டான். எடுத்தவர், "செல்வின் பேசுதேன், தம்பி. கேட்டுட்டுச் சொல்லுதேன்," என்றார். சாயங்காலம் வரை அந்தப் போன் வரவில்லை. வார்டில் கொடுத்த அட்டைப்பெட்டியில் பிள்ளையை வைத்து, அவனே ஆட்டோவில் மடியில் ஏந்திக்கொண்டு போனான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் மதிலோரம் ஒரு இடத்தைக் காட்டினார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளை அங்கேதான் வைப்பது வழக்கம் என்றார்.

சபையார் வரவில்லை என்று மட்டும் விஜிலாவிடம் சொன்னான். போனை எடுத்தது யார் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வலையும் கயிறும் விற்கிற செல்வின் அண்ணாச்சியை அவள் கடைத்தெருவில் பார்த்தால் சிரித்துவிட்டுத்தான் போவாள். அப்பாவின் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான். அந்தப் போன் அவருக்கு நினைவிருக்கிறதா, இல்லையா? ரெக்சனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது அந்த மனிதரே வீட்டுக்கு வந்து விஜிலாவின் முன்னால் உட்காரப்போகிறார்.

அந்த வாரம் வேலையில் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கிய பலகையைப் பாதி உயரத்தில் தூக்கி வைத்தபடியே நின்றுவிட்டான். சூப்பர்வைசர் வந்து வண்டித் தகரத்தைத் தட்டினார்.

"ஏலே, தூக்கம்னா எறங்கிப் போயித் தூங்கு. கீழ ஆளு நிக்குதான்."

சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டுவிட்டு, விஜிலா துணி காயப்போடும்போது போய்ச் சொன்னான். அவள் ஜெஸ்மியின் பாவாடையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

"வரட்டும்," என்றாள்.

சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் செல்வினும் செயலாளர் தஸ்நேவிசும் வந்தார்கள். விஜிலா ஜெஸ்மியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிறகு சுவரோரம் நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

செல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாவுன்னா எந்த நேரமும் கூப்பிடுவோம்மா. நோயாளி வீடு, இல்லாதவங்க வீடுன்னு அலையணும். வீட்டுல பொம்பள மனசாரச் சம்மதிக்காம நாங்க யாரையும் சேக்குறதில்ல. ஒங்களுக்குச் சம்மதந்தானா?"

"அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கலாமா அண்ணாச்சி?"

"கேளும்மா."

"எங்க ரெண்டாவது பிள்ள எறந்து பொறந்துச்சு. இவுக சபைக்குப் போன் போட்டாக. சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். யாரும் வரல. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு நீங்க வரமாட்டீங்களோ?"

ரெக்சன் தரையைப் பார்த்தான். கையில் இருந்த டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அது பழைய காலத்துல இருந்தே..." என்று தஸ்நேவிஸ் தொடங்கினார். செல்வின் அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார்.

"அந்தப் போன எடுத்தது நாந்தாம்மா," என்றார். "சபையில ரெண்டு மூணு பேருகிட்ட கேட்டேன். வழக்கமில்லன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். அதத் திருப்பிக் கூப்பிட்டு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்க மாமனார் சாவுக்கு ஓடி வந்தேனே, பாதி அதுக்காகத்தான் வந்தேன்."

விஜிலா அவரைப் பார்க்கவில்லை. ரெக்சனைப் பார்த்தாள்.

"போன எடுத்தது அண்ணாச்சிதான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

பிறகு அவள் காலி டம்ளர்களைக் குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இவுக சேந்துக்கிடட்டும் அண்ணாச்சி. ஆனா இனி அந்த மாதிரிப் பிள்ளைக்குப் போன் வந்தா நீங்க போகணும். அத முடிவு பண்ணிட்டு இவுகளச் சேத்துக்கிடுங்க."

"நான் ஒருத்தன் சொன்னா ஆகாதும்மா. கூட்டத்துல வைக்கேன்."

அவர்கள் போன பிறகும் அவள் ரெக்சனிடம் பேசவில்லை. மறுநாளும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துபோனாள்.

அடுத்த ஞாயிறு கோயிலை ஒட்டிய அறையில் சபைக் கூட்டம். இன்னும் சேராதவன் உள்ளே போகக்கூடாது. ரெக்சன் வெளியே வாதாமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருந்தாலும் குரல்கள் கேட்டன. "நாளைக்கு யார்யாரோ கூப்பிடுவான்" என்று ஒருவர். "சேரதுக்கு முன்னாலயே நமக்குச் சட்டம் போடுதானா?" என்று இன்னொருவர். ரெக்சன் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தான். போனால் விஜிலாவிடம் என்ன சொல்வது? பேரைத் திருப்பி வாங்கிக்கொண்டேன் என்றா?

சத்தம் கேட்டுப் பங்குச்சாமியார் தன் அறையிலிருந்து வந்தார். அவனைப் பார்த்து, "என்னப்பா உள்ள?" என்று கேட்டார். ரெக்சன் எழுந்து நின்றான். அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். செல்வின் விசயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு சாமியாரின் குரல்.

"அப்படி ஒரு சட்டம் கிடையாதே. ஞானஸ்நானம் குடுக்கணும்னு தாய் தகப்பன் நெனச்சிருந்தாப் போதும். நானே வந்து செபம் சொல்லி அடக்கம் பண்ணுவேன். வேண்டாம்னு யார் சொன்னா ஒங்களுக்கு?"

நாற்காலிகள் நகருகிற சத்தம் மட்டும் வந்தது.

செல்வின் வெளியே வந்து, "ஆச்சு தம்பி, இனி போவோம். தங்கச்சிகிட்ட சொல்லிரு," என்றார். ஆனால் வீட்டை நோக்கி நடக்க நடக்க ரெக்சனுக்குப் பயம்தான் கூடியது. சட்டம் தடுத்தது என்றால் தாங்கிக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது?

விஜிலா முற்றத்துக் குழாயடியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதையும் மறைக்காமல் சொன்னான்.

"சட்டமே இல்லியா?" என்றாள். கை நின்றது. "சும்மாவே வராம இருந்திருக்காக."

அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனாள். ரெக்சன் மிச்ச மீனை ஆய்ந்து முடித்தான். அவள் திரும்பி வந்து சட்டியை வாங்கிக்கொண்டபோது கண்கள் சிவந்திருந்தன. "யாருன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம் நீங்க," என்று மட்டும் சொன்னாள். "சொல்லியிருக்கணும்," என்றான்.

சபையில் சேர வாக்குக் கொடுக்கும் நாளில் அங்கி அவனுக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. பீடத்தின் முன் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லும்போது நடுவில் திரும்பிப் பார்த்தான், விஜிலா இல்லை. முடிகிற நேரத்தில் பின்வாசல் தூணருகே ஜெஸ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியாரின் கடைசி ஆசீருக்கு முன்பே போய்விட்டாள். எதற்காக வந்தாள் என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சில வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் செல்வின் போன் செய்தார். தெரேசுபுரத்தில் ஒரு வீடு. ஏழாம் மாதத்தில் பிறந்து, உடனே போய்விட்ட பிள்ளை. ரெக்சன் போனை வைத்துவிட்டு அங்கியைத் தேடினான். கைக்கு அகப்படவில்லை. விஜிலாதான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"யாரு?"

"ஒரு பிள்ள."

அவள் அடுப்பை அணைத்தாள். "நானும் வாரேன்."

அந்தச் சின்னப் பெட்டிக்குத் தூம்பா தேவைப்படவில்லை. அதை நாலுபேர் சேர்ந்து தூக்கவும் முடியாது. வாசலில் சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ரெக்சன் குனிந்து எடுத்தான். மற்ற மூவரும் இருபுறமும் நெருங்கிப் பெட்டியின் மேல் ஒரு கை வைத்துக்கொண்டு நடந்தார்கள். காலடியைப் பார்க்க முடியாமல், எங்கே இடறிவிடுவோமோ என்று வழி முழுக்க ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தான். பின்னால் விஜிலா வரவில்லை. அந்த வீட்டிலேயே தாயோடு உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வீடு திரும்பும்போது அவன் கேட்டான்: "அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசுன?"

"ஒண்ணும் பேசல. பேரு வச்சியான்னு கேட்டேன்."

"வச்சிருந்தாளா?"

"வச்சிருக்கா," என்றாள் விஜிலா. "அவ எங்கிட்டச் சொன்ன பேரு. ஒங்களுக்குச் சொல்லமாட்டேன்."